இரகசியம் பேசத் தெரியாத மிஸ்ஸி

இரகசியம் பேச அவருக்கு வராது. தொண்டையே அதற்கு இடம் கொடுக்காது. மாதா கோயிலில் நன்மை வாங்கும் வரிசையில் முன்னால் நிற்பவளிடம், "பிள்ளை, உன்ர சட்டைக் கொக்கி கழண்டிருக்கு" என்று அவர் காதோடு காதாகச் சொன்னால், பீடத்தில் நிற்கும் சுவாமியாரின் கை தானாகத் தன் அங்கியைத் தடவிப் பார்க்கும்.

நான் கொட்டாஞ்சேனையில் ஒரு பாமசியில் கவுண்டருக்குப் பின்னால் நின்ற காலம் அது. சமாதானப் பேச்சு முறிந்து சண்டை மறுபடி தொடங்கியிருந்தது. சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் இரண்டாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டுதான் பால்மா வாங்கக்கூடப் போவோம். இங்கிருப்பவர்கள் எல்லாம் லண்டனுக்கும் கனடாவுக்கும் போக வழி தேடிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அவர் லண்டனிலிருந்து இங்கே வந்து சேர்ந்தார். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில், பெண்கள் வார்ட்டில், இருபத்தைந்து வருஷம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஆஸ்பத்திரித் தாதிகளை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அவர் எங்களுக்கு லண்டன் மிஸ்ஸி. "என்னத்துக்கு இந்த நேரம் திரும்பி வந்தனீங்க?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே மறுமொழிதான் வைத்திருந்தார்.

"அங்க மாங்காய் சரியில்ல."

எங்கள் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தார். கீழே நானும் என் எட்டு மாத மகனும். பக்கத்து வீட்டில் என் அக்கா. என் கணவர் டோஹாவில்.

அவர் முதன்முதலாகப் பாமசிக்கு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பள்ளிக்கூட ரீச்சர் ஒருவருக்கு நான் ஒரு பேட் பக்கெற்றைப் பேப்பரில் சுற்றி, நூல் கட்டி, கறுப்புப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தேன். எல்லாக் கடையிலும் அதுதான் முறை.

"அது என்ன, வெடிகுண்டா?" என்றார் மிஸ்ஸி.

தெருவில் போன இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். அந்தச் சொல்லை அந்த வருஷங்களில் அந்தக் குரலில் யாரும் சொல்வதில்லை.

"இல்ல மிஸ்ஸி, இது... பொம்பிளையளின்ர சாமான்" என்றேன்.

"தெரியுது. ஏன் சுத்துறாய்? இப்பிடிக் கட்டின பொதியோட செக்பொயின்ற்ல போனா அவன் அவிழ்த்துக் காட்டச் சொல்லுவான். அப்ப அவன்ர முன்னால எல்லோ நூலை அவிழ்க்க வேணும்? அப்பிடியே கையில கொண்டு போனா எட்டத்தில நிண்டே போகச் சொல்லிடுவான்."

ரீச்சர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு பேப்பரைக் கிழித்து என்னிடமே தந்துவிட்டு, பக்கெற்றைக் கையில் பிடித்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து எங்கள் கடையில் பேப்பர் சுற்றுவது நின்றது.

கடை முதலாளி மாளிகாவத்தையில் இருந்து வரும் ஒரு ஹாஜியார். நல்ல மனிதர், கூச்ச சுபாவம். பெண்கள் ஏதாவது கேட்டால் கண்ணை மருந்து அலுமாரிப் பக்கம் திருப்பிக்கொண்டு என்னைக் கைகாட்டுவார். மிஸ்ஸி தினமும் பத்தரைக்கு வந்து, தன் பிரஷரைத் தானே பார்த்து, வாசலில் போட்டிருந்த நீள மர வாங்கில் உட்கார்ந்துவிடுவார். ஒரு மாதத்துக்குள் கொட்டாஞ்சேனைப் பெண்களில் பாதிப்பேர் பத்தரைக்குத்தான் தலையிடிக் குளிசை வாங்க வந்தார்கள். வந்து, மிஸ்ஸியின் காதருகே குனிந்து, வேறு எதையோ கேட்பார்கள்.

"வெள்ளை படுறதா? என்ன நிறம்?" என்பார் மிஸ்ஸி. கேட்டவள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடுவாள். ஹாஜியார் அலுமாரிக்குள் தலையை விடுவார்.

"மிஸ்ஸி, கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன். கஸ்டமர் ஈக்கிறாங்க" என்று ஹாஜியார் ஒருநாள் கெஞ்சினார்.

"மெதுவாத்தானே கதைக்கிறன்."

அவர் உண்மையாகவே அப்படி நம்பினார். ஹாஜியார் வாங்கைச் சுற்றி ஒரு திரைச்சீலை கட்டினார். திரை பார்வையை மறைத்தது, குரலை மறைக்கவில்லை; உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்க ஆட்கள் கூடியதுதான் மிச்சம். திரையைக் கழற்றிவிட்டு ரேடியோவைப் பலமாக வைத்தார். மிஸ்ஸி ரேடியோவை விடப் பலமாகப் பேசினார். கடைசியில் ஹாஜியார் பத்தரைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போகும் பழக்கத்தை உண்டாக்கிக்கொண்டார். ஆனால் மிஸ்ஸிக்கும் ஒரு கோப்பை வாங்கி அனுப்புவார்.

மிஸ்ஸியின் கைப்பையில் ஒரு பிளாஸ்டிக் கர்ப்பப்பை இருந்தது. ஆஸ்பத்திரியில் விளங்கப்படுத்துவதற்கு வைத்திருந்தது. ஓய்வு பெறும்போது கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாராம். ரோஸ் நிறம், உள்ளங்கை அளவு, இரண்டு பக்கமும் குழாய்கள். நடுவில் பிடித்து இழுத்தால் 'டக்' என்று இரண்டாகத் திறக்கும். ஒருநாள் நானும் அவரும் வெள்ளவத்தைக்கு பஸ்ஸில் போனோம். வழியில் எல்லாரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். இளம் சிப்பாய் ஒருவன் மிஸ்ஸியின் பையைத் திறந்து அதை வெளியே எடுத்தான். இரண்டு விரலால் தள்ளிப் பிடித்துப் பார்த்தான்.

"மேக மொகக்த?" இது என்ன என்று கேட்டான்.

"கர்பாஷய" என்றார் மிஸ்ஸி. 

வரிசை முழுவதும் கேட்டது. சிப்பாய்க்கு அதைப் பிடித்துக்கொண்டிருக்கக் கூச்சம். ஆனால் கீழே போடவும் துணிவில்லை. மிஸ்ஸி அதை அவனிடமிருந்து வாங்கி, 'டக்' என்று திறந்து, எது குழாய், எது வாய், பிள்ளை எங்கே தங்கும் என்று சிங்களத்தில் சொல்லத் தொடங்கினார். பின்னால் நின்ற பஸ் கொண்டக்டர்கூட எட்டிப் பார்த்தான். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போலிருந்தது. முடிந்ததும் சிப்பாய் எங்களைப் போகச் சொன்னான். நாங்கள் நாலடி நடந்திருப்போம். பின்னாலேயே வந்து, துவக்கைத் தோளில் தள்ளிவிட்டுக்கொண்டு, மெல்லிய குரலில் ஏதோ கேட்டான். அவன் மனைவிக்கு இரண்டு மாதம், இரத்தம் கொஞ்சம் படுகிறதாம், ஊரில் இருக்கிறாளாம், லீவு இல்லையாம்.

மிஸ்ஸி நின்றார். "எந்தப் பக்கம் நோகுதாம்?" என்று ஆரம்பித்து எல்லாம் கேட்டு, ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கான் எடுக்கச் சொல்லி இன்றைக்கே போன் பண்ணு என்றார். அத்தனையும் அதே குரலில். அவனுடைய சக சிப்பாய்கள், பஸ், வரிசை, எல்லாருக்கும் அவன் மனைவியின் நிலைமை தெரிந்துவிட்டது. ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. அவனுடைய மேலதிகாரி சாவடிக்குள்ளிருந்து தன் போனை எடுத்துக்கொண்டு வந்து அவனிடம் நீட்டினார்.

இப்போது என்னுடைய கதைக்கு வருகிறேன். ஒரு நாள் கடைக்கு, கழுத்தில் டை கட்டிய ஒரு பொடியன் வந்தான். கந்தோர் ஒன்றில் புதிதாகச் சேர்ந்தவன் போலிருந்தான். கவுண்டரில் குனிந்து, "அந்தக் குளிசை இருக்கா?" என்றான்.

"எந்தக் குளிசை?"

"மாதம் வராட்டிப் போடுறது."

நான் மறுமொழி சொல்லுமுன் வாங்கிலிருந்து மிஸ்ஸி கேட்டார்.

"ஆருக்குத் தம்பி?"

"ஒரு... ஃப்ரெண்டுக்கு."

"எத்தினை கிழமை?"

"தெரியாது."

"அப்ப அவவைக் கூட்டிக்கொண்டு வா. வயிறு அவவோடயெல்லோ இருக்கு, உன்னோடயா?"

பொடியன் போகத் திரும்பினான். மிஸ்ஸி அவன் கையைப் பிடித்து வாங்கில் இருத்தினார். "எங்களிட்ட அது இல்ல. இஞ்ச சட்டத்தில இடமும் இல்ல. தாய் செத்துப்போவா எண்ட நிலைமையில மட்டும்தான் டொக்டர்மார் செய்யலாம். ஆனா நீ வேற எங்கயோ போய் எவனிட்டயோ வாங்கத்தான் போறாய். அதுக்கு முதல் அது என்ன செய்யும் எண்டு தெரிஞ்சுகொண்டு போ."

பையிலிருந்து ரோஸ் சாமான் வெளியே வந்தது. டக்.

"கர்ப்பம் தங்கினா உள்ளுக்க ஒரு மெத்தை கட்டும். அந்த மெத்தையைக் கழண்டுபோகாமல் வச்சிருக்கிறது ஒரு ஹோர்மோன். அது வந்து இருக்கிறதுக்கு உள்ளுக்கக் கதிரை மாதிரி இடம் இருக்கு. முதல் குளிசை என்ன செய்யும்? முந்தி ஓடிப்போய் அந்தக் கதிரையில இருந்திடும். ஹோர்மோன் வரும், இருக்க இடமில்ல. அதோட மெத்தை இளகத் தொடங்கும், கர்ப்பம் வளராது. ஒண்டு ரெண்டு நாளால ரெண்டாவது குளிசை. அது வேற வகை. அது கர்ப்பப்பையின்ர வாயை இளக்கி, பையை இறுக்கும். வயிறு பிடிக்கும், நல்லா நோகும். மாத ரத்தத்தை விடக் கூடப் போகும், கட்டி கட்டியாப் போகும். குளிரும், வயித்தால போகும், சத்தி எடுக்க வரும். அநேகமா நாலஞ்சு மணித்தியாலத்தில பெரிய பாடு முடிஞ்சிடும். பிறகு ரெண்டு கிழமை கொஞ்சம் கொஞ்சமாப் படும். அவ்வளவுதான். இது தானாக் கலையிற மாதிரித்தான். லண்டனில எத்தினையோ பேரோட பக்கத்தில இருந்திருக்கிறன்."

"டேஞ்சர் இல்லையா?" என்றான் பொடியன். இப்போது அவனும் கொஞ்சம் பலமாகத்தான் பேசினான்.

"நேரத்தோட செய்தா, சரியான மருந்தெண்டா, டேஞ்சர் குறைவு. கடைசியா மாதம் வந்த முதல் நாளில இருந்து எண்ணிப் பத்துக் கிழமைக்குள்ள இருக்க வேணும். கர்ப்பம் பையுக்குள்ள இருக்க வேணும். குழாயில தங்கினா இந்தக் குளிசை கேக்காது. ஒரு பக்கம் குத்தும், தோள் நோகும், தலை சுத்தும். அப்பிடியெண்டா ஒரு நிமிசமும் நிக்காமல் ஆஸ்பத்திரி. ஒரு மணித்தியாலத்துக்கு ரெண்டு பேட் முழுசா நனைஞ்சு, அது ரெண்டு மணித்தியாலம் தொடர்ந்தாலும் ஆஸ்பத்திரி. அடுத்த நாளும் காய்ச்சல் நிண்டா, கெட்ட மணம் வந்தா, அதுக்கும் ஆஸ்பத்திரி. விளங்குதா?"

பொடியன் தலையாட்டினான். கையிலிருந்த பஸ் டிக்கட்டின் பின்பக்கத்தில் எதையோ எழுதிக்கொண்டு போனான். அவனும் அவன் தோழியும் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது.

நான் கவுண்டருக்குப் பின்னால் நின்று அவ்வளவையும் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். எனக்கு அன்று ஆறாவது கிழமை.

கணவர் மூன்று கிழமை லீவில் வந்து போயிருந்தார். பால் கொடுக்கிற காலத்தில் தங்காது என்று யாரோ எப்போதோ சொன்னதை நான் நம்பியிருந்தேன். கர்ப்பத் தடைக் குளிசையைக் காலை முதல் மாலை வரை விற்றுக்கொண்டு அப்படி நம்பியிருந்தேன். மகன் பிறந்தது சிசேரியன். அன்று போன இரத்தத்தில் நான் தப்பியதே பெரிது. இரண்டு வருஷத்துக்கு நினைக்கவே வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஆனால் சட்டம் கேட்கிற அளவுக்கு என் உயிருக்கு ஆபத்து இருக்கவில்லை. வெறுமனே என்னால் முடியாது, அவ்வளவுதான். அந்த "முடியாது" என்ற சொல்லை எவரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்கா ஒவ்வொரு செவ்வாயும் அந்தோனியார் கோயிலுக்குப் போகிறவள். கணவருக்கு வெள்ளிக்கிழமைகளில் பத்து நிமிஷம் போன். மிஸ்ஸியிடம் சொன்னால் கொட்டாஞ்சேனை முழுவதற்கும் சொன்ன மாதிரி. ஒரு தனியார் இடத்தில் ஸ்கான் எடுத்தேன். உள்ளேதான் தங்கியிருக்கிறது என்றார்கள். பிறகு, தெரிந்த ஒருத்தியின் மூலம், முகம் சரியாகக் காட்டாத ஒரு ஆளிடம் குளிசை வாங்கினேன். எப்படிப் போடுவது என்று அவன் அரை வசனத்தில் சொன்னான்.

ஒரு போயா நாள், பௌர்ணமி லீவு. கடை இல்லை. மகனை அக்காவிடம் விட்டுவிட்டு, காலையில், கதவைச் சாத்திக்கொண்டு குளிசையைப் போட்டேன். பத்து மணிக்கு வயிறு பிடிக்கத் தொடங்கியது. பதினொரு மணிக்கு நான் படியில் கையூன்றி ஏறி மேல்மாடிக் கதவைத் தட்டினேன்.

என் முகத்தைப் பார்த்தவுடனே மிஸ்ஸிக்கு விளங்கிவிட்டது.

"அறிவிருக்கா உனக்கு? பத்து அடி மேல நான் இருக்கிறன்!" என்று கத்தினார். நான் ஓடிப்போய் யன்னலைச் சாத்தினேன். அந்த வலியிலும் யன்னலைச் சாத்தினேன் என்பதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. "மட்டையைக் காட்டு" என்றார் அவர்.

குளிசை மட்டையில் பாதிப் பெயர் வெட்டுப்பட்டிருந்தது. மிஸ்ஸி கண்ணாடியை நெற்றியில் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது ரெண்டாவது வகை போலத்தான் இருக்கு. முதல் குளிசை இல்லாமல் இது மட்டும் போட்டாலும் வேலை செய்யும். ஆனா அரைகுறையா நிக்கிற சான்ஸ் கூட. அதைச் சொன்னவனா?"

"இல்ல."

"எத்தினை கிழமை? ஸ்கான் எடுத்தனியா? எந்தப் பக்கம் நோகுது? தலை சுத்துதா?"

எல்லாவற்றுக்கும் மறுமொழி சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் இளகியது. என்னைக் கீழே கூட்டிக்கொண்டு வந்து படுக்க வைத்தார். வயிற்றுக்குச் சுடுதண்ணிப் போத்தல், நோவுக்குக் குளிசை, குடிக்க உப்பும் சீனியும் போட்ட தேசிக்காய்த் தண்ணீர். பிறகு அக்கா பிள்ளைகளின் லூடோப் பலகையைக் கட்டிலில் விரித்தார்.

"இனி இருந்து பாக்கிறதுதான் வேலை. சும்மா இருந்து பாத்தா பயம் வரும். உனக்கு என்ன நிறம் வேணும்?"

நான் பச்சை எடுத்தேன். அவர் சிவப்பு. பேட் மாற்றுகிற நேரமெல்லாம் சுவர்க் கலண்டரில் அந்தப் போயா நாளின் கட்டத்துக்குள் சின்னதாக நேரத்தை எழுதினார். எழுதிவிட்டு வந்து என் காயை வெட்டினார். நோயாளி என்று ஒரு இரக்கமும் காட்டவில்லை. வயிறு பிடிக்கும்போது நான் அவர் கையை இறுக்குவேன். விட்டதும், "போடு, உன்ர முறை" என்பார். நான் எதிர்பார்த்திருந்தது இருட்டும் அழுகையும். நடந்தது என்னவென்றால், எனக்கு ஆறு விழவே இல்லை என்று நான் கோபப்பட்டது.

"மிஸ்ஸி, நீங்க எப்பவுமே இப்பிடித்தானா?" என்றேன் ஒரு இடைவெளியில்.

"எப்பிடி?"

"இப்பிடிப் பலமாக் கதைக்கிறது."

அவர் தாயக்கட்டையைக் கைக்குள் வைத்துக் குலுக்கியபடியே இருந்தார், போடவில்லை.

"இல்ல. லண்டனுக்குப் போக முதல், இஞ்ச ட்ரெய்னிங் எடுக்கேக்க, எனக்குப் பத்தொன்பது வயசு. ஒரு பெட்டை வந்தவ. என்ர வயசுதான். காய்ச்சல் எண்டு சொல்லித்தான் கொண்டு வந்தவை. ஆரோ ஒருத்தி குச்சி விட்டுக் கலைச்சிருக்கிறா. அதை அந்தப் பெட்டை என்ர காதுக்குள்ளதான் சொன்னவ. நான் போய்ப் பெரிய மிஸ்ஸியின்ர காதுக்குள்ள சொன்னனான். அவ வேலையா இருந்தவ. 'பிறகு' எண்டவ. நான் திரும்பிச் சொல்லேல்ல. வெக்கம். மத்தியானம் அந்தப் பெட்டை செத்துப்போட்டுது."

தாயக்கட்டை விழுந்தது. மூன்று.

"மெதுவாச் சொன்னபடியால்தான் ஒருத்தருக்கும் கேக்கேல்ல" என்றார். சொல்லிவிட்டுத் தன் காயை மூன்று கட்டம் நகர்த்தினார். அதுபற்றி அதன்பின் அவர் ஒருநாளும் பேசவில்லை.

இரண்டரை மணிக்குக் கலண்டரைப் பார்த்தார். மூன்றரைக்கு மறுபடி பார்த்தார். "ரெண்டு மணித்தியாலத்தில நாலு பேட். கோடு தாண்டிட்டுது. வெளிக்கிடு" என்றார்.

"மிஸ்ஸி, பொலிஸ்..."

"டொக்டர் கேட்டா உள்ளதைச் சொல்லு. பொலிஸ் கேட்டா நான் இருக்கிறன்."

த்ரீவீலரில் போகும்போது சாவடியில் மறித்தார்கள். மிஸ்ஸி தலையை வெளியே நீட்டி ஒரே வசனம் சொன்னார். தடுப்பை அவர்களே இழுத்துத் திறந்தார்கள். என்ன சொன்னார் என்று நான் எழுதப்போவதில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரி. என்னைத் தள்ளுவண்டியில் ஏற்றிய தமிழ் அட்டென்டன் பெண், என் முகத்தருகே குனிந்து கேட்டாள்.

"கலைஞ்சதா, கலைச்சதா?"

ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். அந்த ஒரு எழுத்தில் சிறையே இருக்கிறது.

"வைத்தியத்துக்கு ரெண்டும் ஒண்டுதான்" என்றார் மிஸ்ஸி. வராந்தா முழுவதும் கேட்டது. "வண்டியைத் தள்ளு பிள்ளை, ரத்தம் போகுது."

இளம் டொக்டர் ஒருத்தி பார்த்தார். கேட்டார், சொன்னேன். எத்தனை குளிசை, எத்தனை மணிக்கு என்று மட்டும் மறுபடி கேட்டார். பேனா அசையவில்லை. உள்ளே மிச்சம் நின்றதை உறிஞ்சி எடுத்தார்கள். கால் மணித்தியாலமும் ஆகியிருக்காது. சேலைன் ஏற்றி, ஒரு நாள் இருக்கச் சொன்னார்கள்.

அடுத்த நாள் காலை பத்து மணிபோல் ஆஸ்பத்திரிப் பொலிஸ் சாவடியிலிருந்து ஒரு கொன்ஸ்டபிள் கையில் கொப்பியோடு வந்தார். முப்பது வயதிருக்கும். வார்ட்டில் பன்னிரண்டு கட்டில். அவருக்கு அங்கே நிற்கவே கூச்சம். மிஸ்ஸி என் கட்டிலோரம் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"இவவுக்கு என்ன நடந்தது?" என்று சிங்களத்தில் கேட்டார் கொன்ஸ்டபிள்.

"நல்ல கேள்வி ராலஹாமி. இருங்க" என்று மிஸ்ஸி ஸ்டூலைத் தள்ளிவிட்டார். அவர் தெரியாமல் உட்கார்ந்துவிட்டார். அதுதான் அவர் செய்த பிழை.

"முதல்ல, கர்ப்பம் எப்பிடித் தங்குது எண்டு தெரியுமா? கலியாணம் முடிச்சாச்சா?"

"ஓம்... அது இல்ல நோனா, இவ ஏதாவது..."

டக். ரோஸ் சாமான் அவர் மூக்குக்கு முன்னால் திறந்தது. மிஸ்ஸி முட்டையில் தொடங்கினார். குழாய் வழியாக நடந்தார். மெத்தை கட்டினார். கர்ப்பங்களில் எத்தனையோ முதல் மாதங்களிலேயே தானாகக் கலைந்துபோகும், அதில் பெண்ணின் பிழை ஒன்றுமில்லை என்றார். அதுவும் உண்மை. ஏழாம் கிழமையில் எந்த அளவு இரத்தம் போகலாம், எந்த அளவு போகக் கூடாது என்று கையால் காட்டினார். கொன்ஸ்டபிள் இரண்டு தரம் "ஆனா இவ..." என்று வாயெடுத்தார். இரண்டு தரமும் மிஸ்ஸி, "அதுக்குத்தான் வாறன்" என்றார்.

எதிர்க்கட்டில் சிங்களப் பெண் ஒருத்தி எழுந்து உட்கார்ந்தாள். "மிஸ்ஸி, எனக்கு மூண்டு தரம் அப்பிடிப் போனது. பாரம் தூக்கினபடியாலா?" என்று கேட்டாள்.

"இல்ல. ஆர் சொன்னது?"

"மாமியார்."

"மாமியார் டொக்டரா?"

வார்ட் சிரித்தது. யன்னல் ஓரத்திலிருந்த முஸ்லிம் பெண் ஒரு கேள்வி கேட்டாள். மூலையிலிருந்து இன்னொருத்தி கேட்டாள். சிங்களமும் தமிழும் கலந்து கேள்விகள் கொன்ஸ்டபிளின் தலைக்கு மேலால் பறந்தன. பன்னிரண்டு பெண்கள் கர்ப்பப்பையைப் பற்றிக் கத்திக்கொண்டிருக்க, நடுவில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் சிவந்துபோய் இருந்தார். கடைசியில் கொப்பியில் ஒரே ஒரு சொல் எழுதி, அதை என் பக்கம் திருப்பாமல் மூடி, எழுந்து, வாசல்வரை போய், திரும்பி வந்தார்.

"மிஸ்ஸி," என்றார், "என்ர வீட்டு நோனாவுக்கு ஒவ்வொரு மாதமும் வயித்து நோ. அதுக்கு என்ன செய்யலாம்?"

மிஸ்ஸி சொன்னார். அவர் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

"பொய் சொல்லிட்டீங்களே மிஸ்ஸி" என்றேன், அவர் போனபிறகு.

"எங்க சொன்னனான்? ஒரு சொல் காட்டு." தோடம்பழச் சுளையை என் வாயில் வைத்தார். "அவர் கேட்டதுக்கு மறுமொழி சொல்லேல்ல. கேக்காததுக்கெல்லாம் சொன்னனான்."

வீட்டுக்கு வந்ததும் எனக்கு முதலில் வந்தது பசி. அரை றாத்தல் பாணும் சம்பலும் சாப்பிட்டேன். துக்கம் வரும் வரும் என்று இரண்டு மூன்று நாள் வாசலைப் பார்த்த மாதிரி இருந்தேன். சின்னதாக ஒன்று வந்தது, கொஞ்சம் அழுதேன், மகன் என் மூக்கைப் பிடித்து இழுத்தான், போய்விட்டது. பெரிதாக இருந்தது நிம்மதிதான். அது சரியா என்றுகூட ஒரு பயம் வந்தது.

"மிஸ்ஸி, இது பாவமா?" என்று கேட்டேன்.

"செய் எண்டு நான் சொல்லேல்ல. செய்யாத எண்டும் சொல்லியிருக்க மாட்டன். அது உன்ர வயிறு, உன்ர யோசனை. பாவத்தைச் சுவாமியாரிட்டக் கேள். ஆனா கேக்கப் போகேக்க என்னைக் கூட்டிக்கொண்டு போகாத, கோயில் முழுக்கக் கேக்கும்."

சண்டை முடிந்த மறு வருஷம் அவர் லண்டனுக்கே திரும்பிப் போனார். அங்கே தங்கை ஒருத்தி நோயில் விழுந்துவிட்டார். நான் நினைத்த நேரத்தில், நான் விரும்பி, ஒரு மகள் பிறந்ததும் போனில் சொன்னேன். அங்கிருந்து அவர் போட்ட சத்தத்தில் பிள்ளை திடுக்கிட்டு எழும்பிவிட்டது. ஆனால் அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது அதுவுமல்ல, வார்ட்டுமல்ல. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஹாஜியார் ஜும்மாவுக்குப் போவதற்காகக் கடையைச் சாத்துவார். டோஹாவில் கணவருக்கும் அன்று லீவு. சந்தியிலிருந்த கொமினிகேஷன் கடைக்குப் போய்க் காத்திருந்தால் அவர் கோல் எடுப்பார். அன்று மிஸ்ஸியும் கூட வந்தார். கடையில் ஏழெட்டுப் பேர் வரிசையில் இருந்தார்கள். அழைப்பு வந்தது. நான் கண்ணாடிக் கூட்டுக்குள் போய், கதவைச் சாத்தி, றிசீவரைக் கையால் மூடிக்கொண்டு, மெல்லச் சொன்னேன்.

"என்ன? கேக்கேல்ல" என்றார் அவர். இரைச்சல்.

மறுபடி மெல்லச் சொன்னேன்.

"ஆருக்கு என்ன? பிள்ளைக்கா? பலமாச் சொல்லு!"

கண்ணாடிக்கு வெளியே மிஸ்ஸி நின்றார். என்னைப் பார்க்கவில்லை. சுவரிலிருந்த நாட்டுக் கோட் நம்பர்களை வாசித்துக்கொண்டிருந்தார். நான் கையை எடுத்தேன்.

"எனக்குக் கர்ப்பம் தங்கினது. என்னால ஏலாது எண்டு நான் கலைச்சுப்போட்டன். குளிசை போட்டு. ஆஸ்பத்திரியில இருந்தனான். இப்ப சுகம்."

வரிசையில் பேச்சு நின்றது. கூட்டின் கதவு அவ்வளவு தடிப்பில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும் கேட்டது. நான் காத்திருந்தேன். என் கணவர் நல்லவர்தான். ஆனால் நல்லவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது.

"நீ தனியவா இருந்தனீ?" என்று கேட்டார். குரல் உடைந்திருந்தது.

"இல்ல. மேல்மாடி மிஸ்ஸி இருந்தவ. லூடோ விளையாடினாங்கள்."

"லூடோவா?"

"ஓம். நான் தோத்துப்போட்டன்."

அவர் சிரித்தாரா அழுதாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவரிடம் நான் கேட்கவுமில்லை. மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "என்னிட்ட முதல்ல சொல்லியிருக்கலாம்" என்றார். "ஓம், சொல்லியிருக்கலாம்" என்றேன். பிறகு, "அவவிட்டப் போனைக் குடு" என்றார்.

நான் கதவைத் திறந்து றிசீவரை நீட்டினேன். மிஸ்ஸி வாங்கினார். கணவர் நன்றி சொல்லியிருக்க வேண்டும். "அது இருக்கட்டும்" என்று மிஸ்ஸி அதை வெட்டிவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார். அடுத்த லீவில் வரும்போது என்ன கொண்டுவர வேண்டும், அதை எப்படிப் பாவிக்க வேண்டும், காலாவதித் திகதி எங்கே இருக்கும், பால் கொடுக்கிற காலத்தில் தங்காது என்று சொன்ன முட்டாள் யார் என்று, ஆறு நிமிஷம். வரிசையில் நின்ற ஒரு வயதான ஐயா கண்ணை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அவருக்குப் பின்னால் நின்ற புதுப் பெண்சாதி ஒருத்தி ஒரு அடி முன்னால் வந்து கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

றிசீவர் திரும்ப என்னிடம் வந்தபோது கணவர் களைத்துப் போயிருந்தார்.

"இஞ்சருங்கோ, என்ன சொன்னவ?" என்றேன், ஒன்றும் கேட்காதவள் மாதிரி.

"நீ நல்லாச் சாப்பிடு" என்றார். பிறகு, "அடுத்த வெள்ளிக்கிழமையும் அவவைக் கூட்டிக்கொண்டு வா" என்றார். "என்ர ரூமில இருக்கிற பொடியள் மூண்டு பேருக்கு அவவிட்டக் கேள்வி இருக்காம்."